பெயர் தெரியாத மரமா? இலையைப் பறிக்கும் முன் கொப்பைப் பாருங்கள்

கன்னியாகுமரி மாவட்டத்தில், திற்பரப்புக்கு மேலே உங்கள் மாமா புதிதாக வாங்கிய விளையில் (தோட்டத்தில்), மேல் எல்லையை ஒட்டி ஒரு பெரிய மரம் நிற்கிறது. அது என்ன மரம், ரப்பர் கன்று வைக்க நிழல் மறைக்கிறதே, கொப்பு வெட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பூவோ காயோ இப்போது இல்லை. இலை ஒரு சாண் நீளம், அடியில் ஒடுங்கி நுனிப்பக்கம் அகன்று, கொப்பு முனைகளில் கூட்டமாக இருக்கிறது, கீழ்ப்பக்கம் வெளுப்பு என்கிறீர்கள். செல்போன் ஆப் ஒருமுறை மா என்றது, ஒருமுறை கொல்லா மரம் (முந்திரி), இன்னொருமுறை வாதாம். பக்கத்து விளைக்காரர் இலுப்பை என்று சாதிக்கிறார். அப்புறம் கடைசி வரியில் போகிறபோக்கில் ஒன்று எழுதியிருக்கிறீர்கள்: இலை பறித்த இடத்தில் கசிந்த நீர் மறுநாள் கறுத்துவிட்டது, சட்டையில் பட்ட கறை துவைத்தும் போகவில்லை.

எனக்கு அந்தக் கடைசி வரிதான் முக்கியம். அது சேரு மரமாக இருக்க வாய்ப்பு நிறைய இருக்கிறது. மரம் இன்னதென்று உறுதியாகும்வரை அதை வெறுங்கையால் தொடாதீர்கள், கொப்பு வெட்ட ஆள் ஏற்றாதீர்கள், அடியில் கிடக்கும் சருகையும் சுள்ளியையும் கூட்டித் தீ வைக்கவும் வேண்டாம். சேருவின் சாறு தோலில் பட்டால் ஒன்றிரண்டு நாள் கழித்து அரிப்பும் தடிப்பும் கொப்புளமும் வரும். முதல் தடவை பட்டபோது ஒன்றும் ஆகவில்லை என்று தைரியப்பட முடியாது. அடுத்த தடவை உடம்பு கடுமையாகக் காட்டலாம். எரிக்கும்போது எழும் புகை கண்ணிலும் மூச்சிலும் போனால் இன்னும் மோசம். உங்களுக்கு இதுவரை ஒன்றும் ஆகவில்லை என்றால் நல்லது. அந்தச் சட்டையை மட்டும் தனியாகச் சோப்புப் போட்டு அலசி வையுங்கள்.

சரி, இனி மரத்தை எப்படிக் கண்டுபிடிப்பது என்று பார்ப்போம். நீங்கள் அனுப்பிய முதல் படத்தில் வெள்ளைத்தாள் மேல் வைத்த ஒரே ஒரு இலை இருக்கிறது. ஆப் திணறியதற்குக் காரணமே அதுதான். நம் மலையடிவாரத்து மரங்களில் பாதிக்கு மேல் இப்படித்தான் இருக்கும்: நீள்வட்டம், ஓரம் நெளிவில்லாமல், மேலே பளபளப்பு. மழை அதிகம் பெய்யும் ஊர்களில் ஒன்றுக்கொன்று உறவே இல்லாத மரங்கள்கூட ஒரே மாதிரி இலை விடும். அதனால் இலையின் வடிவத்தைக் கடைசியில் பார்த்தால் போதும். அது கொப்பில் எப்படி உட்கார்ந்திருக்கிறது, காம்பில் என்ன இருக்கிறது, ஒடித்தால் என்ன வடிகிறது, நரம்பு எப்படி ஓடுகிறது, இவைதான் மரத்தின் குடும்பத்தைக் காட்டிக்கொடுக்கும். குடும்பம் தெரிந்துவிட்டால் மீதி வேலை பாதியாகக் குறைந்துவிடும்.

அதற்கும் முன்னால் மரம் நிற்கும் இடத்தைப் பாருங்கள். நம் மாவட்டம் சின்னதுதான், ஆனால் ஆரல்வாய்மொழிக் கணவாய்ப் பக்கத்து வறண்ட காற்றில் நிற்கும் மரம் வேறு, குலசேகரம், பேச்சிப்பாறை, கோதையாறு பக்கம் நிற்கும் மரம் வேறு. தோவாளைப் பக்கம் வேம்பும் உடைமரமும் வாகையும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, விளவங்கோட்டுப் பக்கத்து விளைகளில் நிற்கும் அயனியும் குடம்புளியும் புதிதாகத் தெரியும். கடற்கரைக்கு வந்தால் புன்னையும் பூவரசும். உங்கள் மரம் நிற்பது இரண்டு பருவமழையும் நனைக்கிற மலைச்சரிவு. அதனால் வறண்ட காட்டு மரங்களில் பெரும்பகுதியை இப்போதே ஒதுக்கிவிடலாம்.

அடுத்து, நீங்கள் இலை என்று நினைப்பது முழு இலைதானா? நிறையப் பேர் தடுக்கி விழும் இடம் இது. வேப்பிலை என்று நாம் கிள்ளுவது ஒரு சிற்றிலைதான். பல சிற்றிலைகள் சேர்ந்த அந்த முழு ஈர்க்கும் சேர்ந்துதான் ஓர் இலை. கண்டுபிடிக்க எளிய வழி, மொட்டைத் தேடுவது. இலைக்காம்பு கொப்போடு சேரும் கக்கத்தில் ஒரு சின்ன மொட்டு இருக்கும். சிற்றிலையின் அடியில் அது இருக்கவே இருக்காது.

பஞ்சுக்காய் விடும் இலவையும் ஏழிலைப்பாலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இது கண்ணில் பதிந்துவிடும். இரண்டிலும் கீழிருந்து அண்ணாந்து பார்த்தால் ஐந்து, ஏழு இலைகள் விரல் விரித்ததுபோல் தெரியும். இலவில் அந்த ஐந்தும் ஏழும் ஒரு நீண்ட காம்பின் முனையிலிருந்து புறப்படும். அந்தக் காம்பைக் கொப்புவரை பின்தொடர்ந்து போனால் அடியில் ஒரே ஒரு மொட்டு. ஆக, அது ஒரே இலை. ஏழிலைப்பாலையில் அப்படி நீண்ட காம்பு கிடையாது. ஒவ்வொரு இலையும் குட்டைக் காம்போடு நேராகக் கொப்பிலிருந்தே, ஒரே கணுவைச் சுற்றி வட்டமாகக் கிளம்பும். அங்கே இருப்பது ஏழு தனி இலைகள். ஒன்றைக் கிள்ளினால் பால் வடியும். இலவில் பால் இல்லை. ரப்பர் உங்களுக்குத் தெரிந்ததுதான்: ஒரு காம்பில் மூன்று சிற்றிலை. அந்த மூன்றும் சேரும் இடத்தை உற்றுப் பாருங்கள், சின்னச் சின்னச் சுரப்பிகள் மேடாகத் தெரியும்.

தனி இலைதான் என்று முடிவாகிவிட்டால், அடுத்த கேள்வி: ஜோடியா, ஒற்றையா? ஒரு கணுவில் எதிரெதிராக இரண்டு இலை என்றால் தேக்கு, நாவல், புன்னை, குடம்புளி, மஞ்சணத்தி, எட்டி, கருவா (லவங்கப்பட்டை மரம்) என்று ஒரு பக்கம் போகலாம். ஒன்று மாற்றி ஒன்று என்றால் மா, பலா, அயனி, ஆல், ஜாதிக்காய் என்று மறுபக்கம். கொப்பு முனையில் இலைகள் நெருங்கி நிற்கும்போது இதைத் தீர்மானிப்பது கஷ்டம். அப்போது முனையை விட்டுவிட்டு, ஒரு முழம் கீழே இறங்கி, உதிர்ந்த இலைகளின் தழும்பு எப்படிப் போகிறது என்று பாருங்கள். தழும்பு இடம் மாறாது. உங்கள் மரத்தில் இலைகள் சுருளாக ஏறுகின்றன என்றுதான் இரண்டாவது படத்தின் மங்கலான மூலையில் எனக்குத் தெரிகிறது.

மஞ்சணத்தியிலும் கடம்பிலும் இன்னொரு அடையாளம் உண்டு. எதிரெதிர் இலைக்காம்புகளுக்கு நடுவே, கொப்பின் இரண்டு பக்கமும் முக்கோணமாக ஒரு சின்னச் செதில் இருக்கும். காபிச்செடியிலும் இதே. எதிரெதிர் தனி இலை, ஓரத்தில் பல் இல்லை, நடுவில் செதில், மூன்றும் சேர்ந்தால் காபிக் குடும்பம் என்று தைரியமாகச் சொல்லலாம். பலா, ஆல், அத்தி போன்றவற்றில் இந்தச் செதில் வேறு மாதிரி. குருத்தை உறைபோல மூடியிருந்து, பிறகு உதிர்ந்து, கொப்பைச் சுற்றி மோதிரம் போட்ட மாதிரி ஒரு தழும்பை விட்டுச் செல்லும். பால் வடிகிறது, மோதிரத் தழும்பும் இருக்கிறது என்றால் அது பலாக் குடும்பம்.

இந்தக் குடும்பத்தில் நம் ஊர்க்காரர்களையே குழப்பும் ஒரு விஷயம் இருக்கிறது. பழைய வீட்டுச் சுவரோரம் தானாக முளைத்த கன்றில், ஆழமாக வெட்டுப்பட்ட பெரிய பெரிய இலைகளைப் பார்த்துவிட்டு, சீமைப்பலா முளைத்திருக்கிறது என்று சந்தோஷப்படுவார்கள். பெரும்பாலும் அது அயனிக் கன்று. வளர்ந்த அயனியின் இலை முழுசாக, வெட்டில்லாமல் இருக்கும். கன்றின் இலைதான் அப்படிக் கிழிந்து நிற்கும். பலாக்கன்றும் சில சமயம் இரண்டு மூன்று மடலாக இலை விடும். வளர்ந்த அயனியையும் பலாவையும் பிரிக்கத் தடவிப் பார்த்தாலே போதும். பலா இலை வழவழப்பு. அயனியின் இளங்கொப்பிலும் இலையின் கீழ்ப்பக்க நரம்பிலும் சொரசொரவென்று முடி இருக்கும். கத்திச்சவுக்கு என்று வனத்துறை நட்ட மரத்தின் கதை இதையும் விஞ்சும்: முளைத்த புதிதில் புளிய இலைபோல் பொடிப்பொடியாக விடும், கொஞ்சம் வளர்ந்ததும் அரிவாள் போல் வளைந்த தகடுகள்தான் வரும். அந்தத் தகடு உண்மையில் தட்டையான காம்பு. எனவே கன்றையோ, வெட்டிய மரத்தில் துளிர்த்த கொழுந்தையோ வைத்து முடிவு செய்யாதீர்கள். வெயில் படும் உயரத்தில் முற்றிய இலைதான் வேண்டும். புதிதாகக் காற்றில் விழுந்தது கிடைத்தால் அதுவே போதும்.

சாறு பார்ப்பது நல்ல வழி, ஆனால் அதற்கு ஒரு முறை இருக்கிறது. முதலில் தொடாமல் மரத்தைச் சுற்றி வாருங்கள். அடிமரத்தில் பழைய வெட்டுக்காயம் இருந்தால், அதிலிருந்து வழிந்தது என்ன நிறம்? தார் வழிந்ததுபோல் கறுத்திருந்தால் அத்தோடு நிறுத்திவிடுங்கள், இலையைக் கிள்ள வேண்டியதே இல்லை. அப்படி இல்லை என்றால் ஒரு பாலித்தீன் பையைக் கையில் மாட்டிக்கொண்டு காம்பை ஒடித்து, அரை நிமிடம் பாருங்கள். வெள்ளைப் பால் என்றால் பலாக் குடும்பம், ரப்பர் குடும்பம், இலுப்பையும் சப்போட்டாவும் சேர்ந்த குடும்பம், அரளியும் ஏழிலைப்பாலையும் சேர்ந்த குடும்பம், இந்த நான்கில் ஒன்றாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். குடம்புளியில் மஞ்சள் பால். ஜாதிக்காயிலும் அதன் காட்டு உறவுகளிலும் பட்டையைக் கீறினால் சிவந்த சாறு வரும். வேங்கையிலும் அப்படித்தான், ஆனால் வேங்கை சிற்றிலைகள் சேர்ந்த கூட்டிலை, ஜாதிக்காய் தனியிலை. ஒடித்தபோது நீர்போல் இருந்து காற்றுப் பட்டுக் கறுப்பது மாங்குடும்பத்தின் வேலை. சுவைத்துப் பார்ப்பது மட்டும் எந்த மரத்திலும் வேண்டாம்.

ஏன் வேண்டாம் என்பதற்குக் கருவாவும் எட்டியும் போதும். இரண்டிலும் எதிரெதிர் இலை, மேலே பளபளப்பு, அடியிலிருந்து மூன்று பெரிய நரம்புகள் கிளம்பி நுனியை நோக்கி வளைந்து ஓடும். கருவாப்பட்டை தரும் மரம் என்று நினைத்து எட்டிக் கொழுந்தை வாயில் போட்டால் விபரீதம். எட்டியில் இருக்கும் ஸ்ட்ரிக்னின் கொடிய நஞ்சு. பிரிப்பது ரொம்ப எளிது. கசக்கி மூக்கருகே கொண்டு போங்கள். கருவா மணக்கும், எட்டியில் மணம் இல்லை. எட்டி இலை கொஞ்சம் உருண்டையாகவும் இருக்கும்.

கசக்கி மோந்து பார்ப்பதோடு வெயிலுக்கு நேரே இலையைப் பிடித்துப் பார்ப்பதையும் வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். நாவல் இலையைப் பிடித்தால் பக்க நரம்புகள் ஓரம்வரை போகாமல், ஓரத்தை ஒட்டி ஓடும் ஒரு நரம்பில் போய்ச் சேர்வது தெரியும். ஊசிமுனை அளவில் ஒளி ஊடுருவும் எண்ணெய்ப் புள்ளிகளும் தெரியும். சாம்பக்காய், மாறாமலையில் விளையும் கிராம்பு எல்லாம் இதே குடும்பம். வில்வம், விளா, கறிவேப்பிலை இவற்றிலும் புள்ளி உண்டு, ஆனால் அவை கூட்டிலைகள். புன்னையைப் பார்த்தால் வேறெந்த இலையோடும் குழம்பாது: நடுநரம்பிலிருந்து இரண்டு பக்கமும் மயிரிழை போன்ற நரம்புகள், எண்ணவே முடியாத நெருக்கத்தில், ஒன்றுக்கொன்று இணையாக ஓடும். குளச்சல், மணவாளக்குறிச்சிப் பக்கம் போனால் ஒன்றை எடுத்துப் பாருங்கள், அவ்வளவு அழகு.

இப்போது உங்கள் மரத்துக்கு வருவோம். வாதாம் இல்லை. வாதாம் மரம் அடுக்கு அடுக்காகக் கிளை நீட்டும், முற்றிய இலை சிவந்து உதிரும், சாறு கறுக்காது. இலுப்பை இல்லை. கொப்பு முனையில் இலை கூட்டமாக நிற்பது இலுப்பைக்கும் பொருந்தும், பக்கத்து விளைக்காரர் அதை வைத்துத்தான் சொல்லியிருப்பார். ஆனால் இலுப்பையில் வெள்ளைப் பால் வந்திருக்க வேண்டும். மாவும் இல்லை. மாவிலை நடுவில் அகன்று இருபுறமும் ஒடுங்கும், காம்பு அடியில் தடித்திருக்கும், கசக்கினால் மாங்காய் மணம் வரும். கொல்லா மரத்தின் இலை நுனியில் உருண்டு, பல சமயம் சின்னக் குழி விழுந்ததுபோல் இருக்கும். உங்கள் படத்தில் நுனி கூராக முடிகிறது.

ஆனால் ஆப் மா என்றும் கொல்லா என்றும் சொன்னது முழுக்கத் தப்பும் இல்லை. மா, கொல்லா, சேரு மூன்றும் ஒரே குடும்பம். அண்டி ஆபீசில், அதாவது முந்திரிக்கொட்டை ஆலையில், தோடு உடைக்கும் பெண்களின் விரல்கள் கறுத்துப் புண்ணாவதைப் பார்த்திருப்பீர்கள். அண்டித்தோட்டில் இருக்கும் எண்ணெயும் சேருவின் சாறும் வேதியியல்படி நெருங்கிய உறவு.

குடும்பம் அதுதான் என்றால், சேரு என்று உறுதி செய்வது காம்புதான். ஹோலிகார்னா ஆர்னோட்டியானா என்று தாவரவியலில் அழைக்கப்படும் நம் சேரு, மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக வளர்வதில்லை. அதன் இலைக்காம்பில், இருபுறமும், மெல்லிய இழைபோல இரண்டு சின்ன நீட்டல்கள் இருக்கும். இளம் இலையில் அவை நன்றாகத் தெரியும். முற்றியதில் உதிர்ந்துபோய் இரண்டு பக்கமும் புள்ளி போன்ற வடு மட்டும் நிற்கும். நம் ஊர் மரங்களில் இப்படி ஒரு காம்பை வேறெதிலும் நான் பார்த்ததில்லை. பக்க நரம்புகள் நிறைய, கீழ்ப்பக்கம் எழுந்து நின்று, இணையாக ஓடும். இலையில் முடி இருக்காது, கீழ்ப்பக்கம் வெளிறியிருக்கும். நீங்கள் சொன்ன வெளுப்பு இதோடு பொருந்துகிறது.

இழையோ வடுவோ இல்லையென்றால் இன்னும் இரண்டு பேர் மிச்சம். சேங்கொட்டை ஒன்று. அதன் இலை பெரிதாக, நுனி உருண்டு, கீழ்ப்பக்கம் சாம்பல் நிறப் பூமயிரோடு இருக்கும்; பெரும்பாலும் வறண்ட, இலையுதிர் காடுகளில்தான் நிற்கும். இரண்டாவது, அதே பேரினத்தில் திருவிதாங்கூரின் பெயரைத் தாங்கி நம் தெற்கு மலைகளில் மட்டும் வளரும் செமிகார்ப்பஸ் டிராவன்கோரிக்கா. இரண்டுமே தோலைப் பதம் பார்க்கும் மரங்கள்தான். ஆக மூன்றில் எதுவானாலும் எச்சரிக்கை ஒன்றே.

எப்படிப் பார்ப்பது? மரத்தில் ஏற வேண்டாம். தாழ்ந்த கொப்பு எதையாவது தேர்ந்து, செல்போனில் ஜூம் வைத்து, முனைக் குருத்தும் அதற்குக் கீழே நாலைந்து இலைக்காம்பும் ஒரே படத்தில் விழும்படி எடுங்கள். கீழே புதிதாக விழுந்த இலை கிடந்தால் குச்சியால் புரட்டி, மேல்பக்கம் ஒன்று, கீழ்ப்பக்கம் ஒன்று, காம்பு மட்டும் நெருக்கமாக ஒன்று எடுங்கள். பக்கத்தில் ஒரு பேனாவை வைத்தால் அளவு தெரியும். அடிமரத்தில் வெட்டுக்காயம் இருந்தால் அதையும். இவ்வளவு போதும், நான் உறுதியாகச் சொல்லிவிடுவேன்.

வெட்டுவதைப் பற்றி: சேரு என்றே முடிவானாலும் எல்லையில் நிற்கும் மரத்தை நான் வெட்டச் சொல்ல மாட்டேன். உலகத்தில் இந்த மலைத்தொடருக்கு மட்டும் சொந்தமான மரம், நிற்பதால் யாரையும் ஒன்றும் செய்யப் போவதில்லை. வெட்டும்போதுதான் சாறு தெறிக்கும், ஆபத்தெல்லாம் அந்த ஒரு நாளில்தான். ரப்பர் வரிசையை இரண்டு கன்று தூரம் தள்ளி வைத்துக்கொள்ளலாம். பால் வெட்ட வருகிறவர், புல் அறுக்க வருகிறவர், பிள்ளைகள் எல்லோருக்கும் தெரியும்படி அடிமரத்தில் பெயிண்டால் ஒரு பட்டை அடித்து வையுங்கள், அடிக்கும்போது கையுறையும் முழுக்கைச் சட்டையும் போட்டுக்கொண்டு. மழையில் அதன் அடியில் ஒதுங்கக் கூடாது என்றும் சொல்லி வையுங்கள்.

யாருக்காவது சாறு பட்டுவிட்டால் உடனே சோப்புப் போட்டு நிறையத் தண்ணீரில் கழுவ வேண்டும், கழுவும்முன் முகத்தையோ கண்ணையோ தொடக்கூடாது. உடுத்தியிருந்த துணி, அரிவாள், செருப்பு எல்லாவற்றையும் கழுவ வேண்டும். அவற்றில் ஒட்டியிருப்பதும் பிறகு தோலுக்கு வரும். சேரு பட்டால் தான்றி என்று பெரியவர்கள் சொல்வதுண்டு, தான்றி இலையும் பட்டையும் போட்டு வெந்நீர் வைத்துக் குளிப்பார்கள். அந்த வைத்தியம் செய்வதானாலும் சோப்பால் கழுவிய பிறகு செய்யட்டும். முகம் வீங்கினாலோ, கண்ணில் பட்டாலோ, மூச்சு இழுத்தாலோ வீட்டில் வைத்துப் பார்க்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், இன்ன மரத்தின் சாறு பட்டது என்று டாக்டரிடம் சொல்லுங்கள்.